பதினாலு நாள் விதியும் வலியசாலை வேலாயுதம் அண்ணாச்சியும்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் புறப்பட்டேன். துக்கம் கேட்கத்தான். இறந்து ஆறு வருஷம் ஆனவருக்கு இப்போது துக்கம் கேட்கப் போகிறவனை நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையெல்லாம் என் மனைவி முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தவள், சேலைகூட மாற்றவில்லை, கேட்டாள். "வேலாயுதம் அண்ணாச்சி வீட்டு அக்கா எறந்து ஆறு வருசம் ஆச்சாமே. ஒங்களுக்குத் தெரியாதா? ஒரே கிளப்புதான நீங்க ரெண்டு பேரும்?"

தெரியாது என்றேன். "அப்ப வாராவாரம் அங்க போயி என்னதான் பேசுவீங்க?" என்றாள்.

வேலாயுதம் அண்ணாச்சிதான் என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டவர். விதைக் கம்பெனியில் விற்பனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஊர் ஊருக்குக் கிளை உள்ள சேவைச் சங்கம் அது; பெயர் வேண்டாம். எங்கள் கிளை செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடும். கண் சிகிச்சை முகாம், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, அப்புறம் வடையும் காபியும். நான் எதற்குச் சேர்ந்தேன் என்றால், உள்ளதைச் சொல்கிறேன், என் பெயிண்ட் கடைக்கு நாலு பெரிய ஆள் பழக்கம் வேண்டும் என்று சேர்ந்தேன். சிலர் கலெக்டர் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கச் சேருவார்கள். சிலர் வாரத்தில் ஒரு சாயங்காலமாவது வீட்டிலிருந்து தப்பிக்கச் சேருவார்கள். ஆனால் சேர்ந்த காரணத்துக்காக யாரும் நிலைத்து நிற்பதில்லை. ஒரு வாரம் போகவில்லை என்றால் அடுத்த வாரம் வாசலிலேயே நாலு பேர் "என்ன வே, போன வாரம் ஆளக் காணல?" என்பார்கள். காணோமே என்று கேட்க ஆள் இருப்பது பெரிய சுகம். அதற்காகத்தான் இருபத்திரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலைப் பார்க்கிறேனோ இல்லையோ, அந்த ஊர்க் கிளையின் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக் கிளையின் கூட்டத்தைத் தவறவிட்டால், வேறு ஊர்க் கிளையின் கூட்டத்துக்குப் போய், அங்கே தருகிற வருகைக் கார்டை, தவறவிட்ட நாளிலிருந்து பதினாலு நாளுக்குள் நம் செயலாளரிடம் சேர்த்துவிட வேண்டும். வந்ததாகவே எழுதிக்கொள்வார்கள். தொடர்ந்து மூன்று கூட்டம் வரவில்லை, கார்டும் இல்லை என்றால் பெயரை நீக்கலாம். பதினோரு வருஷமாக நான்தான் செயலாளராக இருந்தேன். அந்த வேலைக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. ரொம்பக் கறாரான ஆள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

ஆறு வருஷத்துக்கு முன்பு அண்ணாச்சி தொடர்ந்து மூன்று செவ்வாய் வரவில்லை. நாலாவதும் ஐந்தாவதும் வரவில்லை. ஆறாவது வாரம் புதன்கிழமை தபாலில் ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை, கடிதமும் இல்லை. உள்ளே திருவனந்தபுரம் கிளையின் வருகைக் கார்டுகள் மூன்று. கடைசிக் கார்டுக்கே கெடு முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. ஏற்பதற்கில்லை என்று விதி எண்ணைப் போட்டு, பெயரை நீக்கியதாகக் கடிதம் எழுதி, அவருடைய பாளையங்கோட்டை வீட்டு முகவரிக்கு அனுப்பினேன். மூன்று கார்டிலும் திருவனந்தபுரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பாளையங்கோட்டைக்காரர் மூன்று வாரமாக அங்கே என்ன செய்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தேதியை மட்டும்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டு மச்சினர் இருக்கிற திருவனந்தபுரத்துக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். மனைவி சொன்ன பிறகு கிளப்பில் விசாரித்தால், இரண்டு பேருக்கு அண்ணாச்சியின் மனைவி இறந்தது அப்போதே தெரிந்திருக்கிறது. "அவருதான் நம்ம கிளப்புல இல்லியேன்னு இருந்துட்டோம்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

சரி, பயணம். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் காலை 5.40க்கு நாகர்கோவில் வண்டி. எண்பது கிலோமீட்டர், 95 ரூபாய். 7.35க்கு வடசேரி. அங்கே இரண்டு ரசவடையும் ஒரு காபியும் 45 ரூபாய். 8.05க்குக் கேரள அரசுப் பேருந்து. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று நின்று நின்று போய், 10.35க்குத் திருவனந்தபுரம் தம்பானூர். அறுபத்தெட்டு கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம், 98 ரூபாய். இடது பக்க சன்னலோரம் உட்காராதீர்கள், மார்த்தாண்டம் தாண்டியதும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் படியில் ஆள் தொங்கும். தம்பானூரில் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிஷ நடையில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ஏசி இல்லாமல் 900 ரூபாய், சுத்தமாக இருந்தது.

அண்ணாச்சியின் பழைய போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. முகவரியும் தெரியாது. சங்கத்தின் கையேட்டைப் புரட்டி, திருவனந்தபுரம் கிளையின் செயலாளர் ரவீந்திரனுக்குப் போன் போட்டேன். மலையாளி, தமிழ் நன்றாகவே பேசினார்.

"வேலாயுதம் சாரோ? நம்மட ஆளாச்சே. எல்லா வியாழாழ்ச்சயும் மீட்டிங்குக்கு வருவார். ஆறு வருஷமா ஒரு வாரம் முடக்கினதில்லை. நீங்க பாளையங்கோட்டைக் கிளைக்காரங்க எல்லாம் இத்தற டிசிப்ளினா?" என்று சிரித்தார்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யார் யார் உறுப்பினர், யார் இல்லை என்று பதினோரு வருஷம் பதிவேடு பார்த்த வாய் அது. தானாகவே திறந்தது. "எங்க கிளையா? இல்லியே சார். அவர் பேர நாங்க எடுத்து ஆறு வருசம் ஆச்சே" என்றேன்.

"அது சரி" என்றார் ரவீந்திரன். சிரிப்பு போய்விட்டிருந்தது. முகவரியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. முகவரி கிடைத்த சந்தோஷத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நேரே போகத் தைரியம் இல்லாமல் முதலில் பழவங்காடிக்கு நடந்தேன். தம்பானூரிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இராது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன், 40 ரூபாய். துக்க வீட்டுக்குப் பழம் வாங்கிப் போகக்கூடாது. ஆறு வருஷம் கழித்துப் போகிறவன் வாங்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, இதையெல்லாம் யாரிடம் கேட்பது? வெறுங்கையோடு ஆட்டோ ஏறினேன். வலியசாலைக்கு 50 ரூபாய். சாலை பஜார் வழியாகப் போனால் பத்து நிமிஷம் நெரிசலில் நிற்க வேண்டிவரும், சுற்றிப் போகச் சொல்லுங்கள்.

ஓட்டுநர் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்து ஆள். யார் வீட்டுக்கு என்று கேட்டார், சொன்னேன்.

"அந்த சாரா! வியாழாழ்ச்ச சாயங்காலம் ஸ்டாச்சு ஜங்ஷனுக்கு நம்ம வண்டிதான் அண்ணே. கரெக்ட் ஆறு மணி. போம்போ ஒண்ணும் மிண்ட மாட்டாரு. திரிச்சு வரும்போ பாக்கணும், வீடு வர்ற வரைக்கும் வர்த்தானம்தான், ஒரே பேச்சு. மத்த நாள் அவர வெளிய காணவே கிட்டாது" என்றார்.

அக்ரஹாரத் தெருவைத் தாண்டி ஒரு சந்து. மச்சினர் வீட்டு மாடியில் அண்ணாச்சி இருந்தார். அவரே கதவைத் திறந்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

"வாரும் வே. இரும்" என்றார். உள்ளே போய்ப் பால் இல்லாத கட்டன் சாயா போட ஆரம்பித்தார். "வீடு எப்படிக் கண்டுபிடிச்சீரு?"

"ரவீந்திரன் சார்ட்ட கேட்டேன் அண்ணாச்சி."

கரண்டி நின்றது. "அவருகிட்ட என்ன சொன்னீரு?"

"அட்ரஸ்தான் கேட்டேன்" என்றேன். அது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. காலையில் போனில் என்ன சொன்னேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா விஷயம் இப்போதுதான் தெரியும், மன்னிக்க வேண்டும் என்றேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

"வயித்துல கட்டி. பாக்கும்போதே முத்திப்போச்சு. ஊருல ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதுன்னுட்டா. இங்க மெடிக்கல் காலேஜ் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில கெடந்தா. வியாழக்கிழமை ஆயிட்டா அவளே என்னை வெரட்டுவா. 'போயிட்டு வாங்க. நமக்குப் பிள்ளையா குட்டியா? நான் போனப்புறம் ஒங்களுக்கு அந்தக் கிளப்பு ஆளுங்கதான். பேரு போயிரக்கூடாது'ம்பா. நான் போயி ஒரு மணி நேரம் இருந்துட்டு, கார்டு வாங்கிட்டு வந்து அவகிட்டக் காட்டணும். தலவாணிக்கு அடியில வச்சுக்கிடுவா. மூணாவது கார்டு வாங்கி ரெண்டா நாளு, சனிக்கிழமை, போயிட்டா."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"காரியமெல்லாம் இந்த வீட்டுலதான். பதினாறாம் நாள் முடியிற வரைக்கும் நான் வாசல் தாண்டல. மறுநாளு மொத வேலையா கார்டைத் தபால்ல போட்டேன்."

சாவு வீட்டுக்குப் பதினாறு நாள், எங்கள் சங்கத்துக்குப் பதினாலு நாள். இதைக் கணக்குப் போட எனக்கு ஆறு வருஷம் தேவைப்பட்டது.

"கவர்ல ஒரு வரி எழுதி வச்சிருக்கலாமே அண்ணாச்சி."

"எழுத உக்காந்தேன், கை ஓடல. மூணு கார்டுலயும் திருவனந்தரம்னு போட்டிருக்கே, பாத்தா யாராவது ஒருத்தர் என்ன ஏதுன்னு போன்ல கேப்பாங்கன்னு இருந்தேன். நம்பர் அப்பம் அதேதான். ஊரு வீட்டுக்கு ஒம்ம கடுதாசிதான் வந்துச்சு."

சாயா ஆறிக்கொண்டிருந்தது. மீதியையும் அவரே சொன்னார். கடிதம் வந்து ஒரு மாதம் அவர் எங்கும் போகவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் கிளம்பி ஸ்டாச்சு பக்கம் போயிருக்கிறார். கூட்டம் நடக்கிற ஹோட்டலுக்குள் கால் தன்னாலே போனதாம். விருந்தினர் பதிவேட்டில் பெயர் எழுதி, கிளை என்ற இடத்தில் பாளையங்கோட்டை என்று எழுதிவிட்டார். அப்படியே ஆறு வருஷம்.

"பொய்தான் வே. இந்த வயசுல வாராவாரம் ஒரு பொய். ரவீந்திரன் ரெண்டு மூணு தடவ கேட்டாரு, இங்கயே மெம்பரா மாறிரலாமேன்னு. மாறணும்னா பழைய கிளையில இருந்து ஒரு கடுதாசி வேணும். ஒம்மகிட்டல்லா வரணும்? சொந்த ஊர்க் கிளையை விட மனசில்லன்னு சொல்லிட்டேன். அதுல அவருக்கு என்மேல ரொம்ப மரியாதை."

என்னால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காலையில் போனில் சொன்னதைச் சொல்லிவிட்டேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றேன், இப்போதே ரவீந்திரனைக் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீரா?"

"பேரை எடுத்து ஆறு வருசம் ஆச்சுன்னு சொன்னேன்."

"அப்பம் எல்லாம்தான்" என்றார். என் டம்ளரையும் அவர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். குழாய் சத்தத்துக்கு நடுவே, "நாளைக்கு வியாழன்லா" என்றார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவு மரியாதையாக அவர் என்னை அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் ஊர் பார்க்கிற எண்ணமே இல்லை. சாயங்காலம் ஆறே காலுக்கே ஸ்டாச்சு ஹோட்டலுக்குப் போய்விட்டேன். தம்பானூரிலிருந்து ஆட்டோ 45 ரூபாய். கூட்டம் ஆறரைக்கு. ரவீந்திரனிடம் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாரே, ஞங்ஙளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவர் யாரையும் உபத்திரவிச்சதில்லை. வரட்டும்" என்றார். அண்ணாச்சிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. புது நம்பரை நானும் குறித்துக்கொண்டேன்.

விருந்தினர் பதிவேட்டில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு முந்தின வரியில், போன வாரத் தேதியில், வேலாயுதம், பாளையங்கோட்டை. நான் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். சென்னை, கோழிக்கோடு, மதுரை என்று யார் யாரோ ஒரு தடவை வந்து போயிருக்கிறார்கள். வாரம் தவறாமல் இருந்த பெயர் ஒன்றுதான். பாளையங்கோட்டை என்று எழுதிய இடத்தில் மட்டும் எழுத்து சின்னதாக இருந்தது. ஆறரைக்குக் கூட்டம் தொடங்கியது. ஏதோ கழிவுநீர் மேலாண்மை பற்றி ஒருவர் பேசினார். கதவு திறக்கும்போதெல்லாம் நானும் ரவீந்திரனும் திரும்பிப் பார்த்தோம். அவர் வரவில்லை.

ஊருக்கு வந்து அடுத்த செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சியை நீக்கியது தவறு, அன்றிலிருந்தே அவர் எங்கள் உறுப்பினர்தான் என்று எல்லோருமாகத் தீர்மானம் போட்டோம். அதன்படி பார்த்தால் அவர் பதிவேட்டில் எழுதியது எதுவும் பொய் இல்லை. மறுநாளே போய்க் கடிதத்தை நேரில் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, நிதானமாக இரண்டு தடவை படித்தார். "நல்லா எழுதியிருக்கீரு" என்று மடித்து மேசையில் வைத்தார். ஸ்டாச்சுக்குக் கூட வருகிறேன், வாருங்கள் என்றேன். "அங்க எல்லாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க வே. அதான் கஷ்டம்" என்றார். செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கே தெரியும்.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்தில் போக வர ஏறக்குறைய 390 ரூபாய். வடசேரியில் மாறும்போது பத்தரை மணிவாக்கில் சேர வேண்டும் என்றால் எட்டு மணி வண்டியை விடாதீர்கள். தம்பானூரில் இறங்கினால் பழவங்காடி, கிழக்கேகோட்டை, வலியசாலை எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள். வெளியூர்க் கிளைக் கூட்டங்களுக்குப் போகிற பழக்கம் உள்ளவர்கள் கிளம்பும் முன் அந்த ஊர்ச் செயலாளருக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள். யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால், பேசுவதற்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு பதிவேடு உங்கள் கையில் இருக்குமானால், மூன்று வாரம் வராதவர் வீட்டுக்கு முதலில் நடந்து போங்கள், கடிதத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

போன வாரம் வியாழக்கிழமை அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். சுற்றிலும் எந்தச் சத்தமும் இல்லை.

"எங்க இருக்கீங்க அண்ணாச்சி?"

"வீட்லதான் வே" என்றார். மணி ஆறு நாற்பது.